விட்டுப்போன கால் சுற்று

துப்பாக்கி கிளப்பின் பட்டறைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது ஒரு கறுப்புப் பலகை. ‘சோக் டியூபைக் கழற்றித் துடைக்காதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்’ என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருக்கும். எழுதி மாட்டியவர் மெக்கானிக். செயலாளரிடம் அனுமதி வாங்கினாரா என்றால், அவர் அனுமதி கொடுக்கிற ஆளே தவிர வாங்குகிற ஆள் இல்லை.

சோக் டியூப் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. ஷாட்கன் குழாயின் வாய்க்குள் திருகி வைக்கிற, விரல் நீளத்து எஃகு உருளை. உள்பக்கம் கொஞ்சம் குறுகலாக இருக்கும். வெளியே பாய்கிற ஈயக் குண்டுகள் சிதறிப் போகுமா, சேர்ந்து போகுமா என்பதை அந்தக் குறுகல்தான் தீர்மானிக்கிறது. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிற போட்டிக்காரர்களுக்கு அது உயிர். நூறு முறை சுட்டால் உள்ளே கரியும் ஈயமும் உருகிய பிளாஸ்டிக்கும் அப்பிக்கொள்ளும். கழற்றி, கரியைக் கரைக்கிற சால்வென்ட்டில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து, பழைய டூத் பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, உலரவிட்டு, மரையில் மெல்லிசாக கிரீஸ் பூசி, விரலால் திருகி உட்காரவைத்து, கடைசியில் அதற்கென்று இருக்கிற சாவியைப் போட்டுக் கால் சுற்று இறுக்க வேண்டும். அந்தக் கால் சுற்று இல்லையென்றால் ஒவ்வொரு வெடிக்கும் டியூப் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வெளியே வரும். அப்புறம் நடப்பது யாருக்கும் நல்லதல்ல.

இதையெல்லாம் மெக்கானிக் நாளொன்றுக்கு நான்கு தடவையாவது சொல்வார். யாராவது அழுக்கு டியூபோடு வந்து மாட்டிக்கொண்டால் தொலைந்தார்கள். அதைக் கழற்றி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பட்டறையில் இருக்கிற அத்தனை பேரும் பார்த்து முடிக்கும்வரை கையை இறக்க மாட்டார்.

“இது சோக்கா சார், புகைபோக்கியா?” என்பார். “டியூபைக்கூட எல்லாரும் துடைச்சுடறாங்க. குழாய்க்குள்ள இருக்கற மரையை எவன் துடைக்கறான்? அங்கதான் உங்க வண்டவாளம் பூரா ஒளிஞ்சிருக்கு!”

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்கூட அந்த விளக்கின் கீழே நின்று காது சிவந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை நிற்கவைத்தவர் அவர். அன்று வீட்டுக்குப் போன மெக்கானிக் இரண்டு தட்டு சாப்பாடு சாப்பிட்டார்.

நீதிபதிக்கு எப்போதோ ஒரு நாள். மைத்துனனுக்கோ தினமும். அவன் மெக்கானிக்கின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி, நாற்பத்திரண்டு வயது. பதினோரு வருடமாக அதே பட்டறையில் இரண்டாவது ஆள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சாப்பாட்டு டப்பாவைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தான். ஒரே ஒரு தடவை. சாப்பாட்டு டப்பாவைப் பஸ்ஸில் விட்டவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். இப்படி ஓர் அத்தான் வாய்க்காததால் தப்பித்துக்கொண்டார்கள். மெக்கானிக் அன்றே அவனுக்கு ‘மறதி’ என்று பெயர் வைத்தார். மறுநாள் வாட்ச்மேன் அப்படிக் கூப்பிட்டார். ஒரு வாரத்தில் கிளப் முழுக்கக் கூப்பிட்டது. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தங்கிப்போனது.

பட்டறையில் கிரீஸ்கூட இரண்டு வகை இருந்தது. மைத்துனன் பூசுவது கிளப் வாங்கித் தருகிற வெள்ளை கிரீஸ். மெக்கானிக்கிடம் தனியாக ஒரு சின்ன டப்பி இருந்தது. செம்புத்தூள் கலந்த கிரீஸ், பார்க்கவே செம்பு நிறமாக மினுங்கும். எத்தனை சூடானாலும் மரை ஒட்டிக்கொள்ளாது. அதை மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருந்தார். “உங்கிட்ட குடுத்தா மூடியைத் திறந்தபடி விட்டுட்டுப் போயிடுவே” என்று காரணமும் சொல்லியிருந்தார். மூடியைத் திறந்தபடி மைத்துனன் எதையும் விட்டதில்லை. ஆனாலும் அவன் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பல் டாக்டரம்மாவின் துப்பாக்கி பட்டறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேசிய அணிக்கான தேர்வுப் போட்டி. டாக்டரம்மாவுக்கு இது நான்காவது முயற்சி. வயதைப் பார்த்தால் கடைசி முயற்சி. துப்பாக்கி அவருடைய அப்பா சுட்டது. மேலொன்று கீழொன்றாக இரண்டு குழாய், இரண்டு டியூப். பட்டறையின் மேல் டாக்டரம்மாவுக்குத் தனிப் பிரியம் உண்டு. தன் கிளினிக்கில் மீந்த டூத் பிரஷ்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். “பல்லையும் இவ்வளவு அக்கறையா தேய்ச்சா எனக்குத் தொழில் படுத்துடும்” என்பார்.

மைத்துனன் காலையிலிருந்து உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தான். முடித்ததும் பட்டறை வழக்கப்படி துப்பாக்கி விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் சிவப்பு நூல் கட்டினான். வேலை முடிந்து, சாவி போட்டு இறுக்கியாகிவிட்டது என்பதற்கு நூல்தான் அடையாளம்; மைத்துனனுக்குச் சிவப்பு, மெக்கானிக்குக்கு நீலம். கட்டிவிட்டு அவன் சாப்பிடப் போனான்.

மெக்கானிக்குக்குக் கை அரித்தது. ‘இவன் எங்கேயாவது கோட்டை விட்டிருப்பான்’ என்று சாவியைப் போட்டு இரண்டு டியூபையும் கழற்றினார். கழற்றும்போது அவை சரியான இறுக்கத்தில் இருந்தன. விளக்கில் பிடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. குழாயின் உள்மரையில் பஞ்சை விட்டுச் சுற்றினார். வெள்ளை கிரீஸைத் தவிர வேறெதுவும் வரவில்லை. குறை கிடைக்காததே அவருக்குப் பெரிய குறையாகப் போயிற்று. ‘கிரீஸாவது நல்லதா இருக்கட்டும்’ என்று வெள்ளையைத் துடைத்தெறிந்துவிட்டுத் தன் செம்பு டப்பியைத் திறந்தார். பூசினார். மேல் டியூபைத் திருகிச் சாவி போட்டு இறுக்கினார். கீழ் டியூபை விரலால் திருகி உட்காரவைத்தபோது கதவு திறந்தது.

செயலாளர் வேறொரு கிளப்பிலிருந்து ஆறு பேரை அழைத்து வந்திருந்தார். “நம்ம மெக்கானிக்கைப் பத்திச் சொன்னேனே, இவர்தான். பலகையைப் பாருங்க!”

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. துப்பாக்கியைத் தாங்கியில் சாய்த்துவிட்டு எழுந்தார். அரை மணி நேரம் பேசினார். டியூபை இறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் பேசினார். வந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். திரும்பி வந்தபோது தாங்கியில் துப்பாக்கி இருந்தது, அதில் சிவப்பு நூல் தொங்கியது. வேலை முடிந்த துப்பாக்கி. பெட்டிக்குள் வைத்து மூடினார்.

ஞாயிறு காலை பத்தரைக்கு செயலாளரின் போன் வந்தது.

“மறதி கடைசில நம்ம தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டார்ங்க! மூணாவது ரவுண்டுல டாக்டரம்மாவோட கீழ்க்குழாய் வாய் பிளந்துடுச்சு. டியூப் பிச்சுக்கிட்டுப் போய்ப் புல்லுல விழுந்துருச்சு. நல்லவேளை, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. வேற யாரோ ஒருத்தரோட துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்த்தாங்க, தோளுக்கே ஒட்டலை. அடுத்த ரவுண்டுல ஒன்பது தட்டை விட்டுட்டாங்க. எல்லாம் போச்சு.”

மெக்கானிக்கின் வலதுகை போனைப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை கீழ் டியூபுக்கு அது சாவியைத் தொடவில்லை என்பது அந்தக் கைக்கு அப்போதே ஞாபகம் வந்துவிட்டது.

“அப்படியா?” என்றார்.

பொய் என்று பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் விழுந்தார்.

திங்கட்கிழமை காலை செயலாளர் குழாயையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் மேசைமேல் வைத்தார். குழாயின் வாய் உரித்த வாழைப்பழத் தோலாகப் பிரிந்திருந்தது. பையில் டியூப். “வியாழக்கிழமை கமிட்டி கூடுது. மறதியை இனிமே வெச்சிருக்க முடியாதுங்க. உங்களுக்குச் சங்கடம்தான், தெரியுது” என்று தோளைத் தட்டிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனார்.

மெக்கானிக் பையைப் பிரித்தார். டியூபின் விளிம்பு ஒரு பக்கம் கிழிந்து வளைந்திருந்தது. ஆனால் மரைகள் அப்படியே இருந்தன. மரைகளின் இடுக்கில், பட்டையாக, செம்பு நிறம் மினுங்கியது. மைத்துனன் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். இந்தப் பட்டறையில் அந்த கிரீஸைத் தொட ஒருவருக்குத்தான் உரிமை.

அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுவும் உண்மைதானா என்பது அவருக்கே தெரியாது. சால்வென்ட் கிண்ணத்தில் டியூபைப் போட்டார். டாக்டரம்மா கொடுத்த டூத் பிரஷ் ஒன்றை எடுத்தார். மரை மரையாகத் தேய்த்தார். துணியை நூலாகக் கிழித்து ஒவ்வொரு இடுக்கிலும் ஓட்டினார். பத்தே நிமிடம். முப்பது வருடத்தில் அவர் அதைவிடச் சுத்தமாக ஒரு டியூபையும் துடைத்ததில்லை. துணியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, டியூபைப் பையில் போட்டபோது மைத்துனன் உள்ளே வந்தான்.

அவன் குழாயைப் பார்த்தான். தொடவில்லை.

“நான் டைட் பண்ணினேன் அத்தான்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “பண்ணின மாதிரிதான் இருக்கு” என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “மறந்திருப்பேன். நான்தான் மறந்திருப்பேன், இல்லையா?” என்று கேட்டான்.

‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பிப் பிரஷ்களை அடுக்கினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது மனைவி சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள்.

“தம்பி வந்துட்டுப் போனான். ஒரு வாய் சாப்பிடலை. இங்கருந்து கிளம்பினவன் மூணு தடவை திரும்பி வந்தான். முதல்ல செருப்பு மாட்டினேனான்னு பார்க்கறான். காலைப் பார்த்தாலே தெரியாதா? அப்புறம் வண்டிச் சாவி. அப்புறம் கேட்டை மூடினேனான்னு பார்க்க. நேத்து அவன் வீட்டுல அடுப்பை அணைச்சுட்டு, திரும்பப் போய், திரும்பப் போய்ப் பார்த்தானாம். அவன் பொண்டாட்டி பயந்துபோய் இருக்கா.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நீங்களும் அன்னிக்குப் பட்டறையிலதானே இருந்தீங்க? அவன் இறுக்கினதை நீங்க பார்க்கலையா?”

“நான் பார்க்கலை.”

“ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு?”

“எனக்கு வேற வேலை இல்லையா? அவன் கையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?”

பதினோரு வருடமாக அவர் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது அவளுக்கும் தெரியும். தட்டை வைத்துப் பரிமாறினாள். அவர் ஒரு கவளத்தோடு தட்டை நகர்த்திவிட்டார். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் ஊரார் முகத்தையெல்லாம் விளக்குக்குக் கீழே இழுத்துவைத்துப் பார்த்த மனிதர், சொந்த வீட்டில் ட்யூப்லைட் வெளிச்சம் படாத மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். கூடவே செயலாளர். பழுதான குழாயைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பார்சல் கட்ட வேண்டும். டாக்டரம்மாவின் கையில் வழக்கம்போல ஒரு கட்டு டூத் பிரஷ் இருந்தது. அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மைத்துனன் எழுந்து நின்றான். நாலு நாளில் ஆள் பாதியாக இளைத்திருந்தான். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

“மேடம், நான்தான் மறந்துட்டேன். எப்படி மறந்தேன்னே தெரியலை. உங்க அப்பா துப்பாக்கி. உங்களுக்குக் கடைசி சான்ஸ். என்னை மன்னிச்சிடுங்க.”

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விடுங்க. மறதி யாருக்குத்தான் இல்லை” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டு மைத்துனன் தலையைக் குனிந்தான், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

மெக்கானிக்கால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

“அவன் மறக்கலை” என்றார். “அவன் சரியா இறுக்கி நூல் கட்டிட்டுப் போனான். நான்தான் கழட்டினேன். அவன் ஏதாவது தப்பு பண்ணியிருப்பான்னு பார்க்கக் கழட்டினேன். ஒரு தப்பும் இல்லை. திருப்பிப் போடும்போது கீழ் டியூபுக்குச் சாவி போடாம எழுந்து போயிட்டேன். நான்தான்.”

செயலாளர் சிரித்தார். நல்ல மனதோடு சிரித்தார்.

“உங்க பெரிய மனசு யாருக்கும் வராதுங்க. சொந்தம்னா இப்படித்தான் இருக்கணும். ஆனா சொல்றதைக் கொஞ்சம் நம்பற மாதிரிச் சொல்லுங்க! நீங்களாவது, டியூபை இறுக்காம விடறதாவது!”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“சரி சரி. கமிட்டில இதையும் சொல்றேன். உங்க முகத்துக்காக ஏதாவது பார்க்கச் சொல்றேன்.”

டாக்டரம்மா கண் கலங்கிவிட்டார். “உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சது அவருக்குக் குடுப்பினை” என்றார்.

வசவாக இருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். நாலு பேர் காறித் துப்பினால்கூடத் துடைத்துக்கொண்டிருப்பார். இந்தப் பாராட்டை என்ன செய்வது? அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எல்லாவற்றுக்கும் மேலே, மைத்துனன் கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்காக ஏன் அத்தான் பழியைத் தலையில போட்டுக்கறீங்க? வேண்டாம். நான் பார்த்துக்கறேன்.”

மெக்கானிக் கையை உருவிக்கொண்டார். மேசையைப் பார்த்தார். டியூபில் சாட்சி இல்லை. அதை அவரே துடைத்துவிட்டார். குழாய் கிடந்தது. வாய்தான் கிழிந்திருந்தது. உள்ளே, ஒரு விரல் ஆழத்தில், மரை மிச்சம் இருந்தது. டியூபைத் துடைத்த அவசரத்தில் அதை அவர் நினைக்கவேயில்லை. எல்லாரும் டியூபைத்தான் துடைப்பார்கள்.

“ஒரு பஞ்சு எடு” என்றார் மைத்துனனிடம். “குச்சியில சுத்தி, கீழ்க்குழாய் உள்மரையில விட்டு ஒரு சுத்துச் சுத்து.”

“எதுக்கு அத்தான்?”

“சுத்துப்பா.”

மைத்துனன் பஞ்சைச் சுற்றினான். கிழிந்த விளிம்பில் கை படாமல் நிதானமாக உள்ளே விட்டான். ஒரு முழுச் சுற்று. வெளியே எடுத்தான். பஞ்சில் கரி இருந்தது. கரிக்கு நடுவே, வளையமாக, செம்பு மினுங்கியது.

அவன் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். செயலாளருக்கும் டாக்டரம்மாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. மெக்கானிக் இழுப்பறையின் பூட்டைத் திறந்து செம்பு டப்பியை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தார். “இது என்னோடது. அவனை நான் தொட விடறதில்லை” என்றார். செயலாளரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டாக்டரம்மா கொண்டுவந்த பிரஷ் கட்டை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மைத்துனன் இன்னும் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்போ நான் டைட் பண்ணியிருக்கேன்” என்றான்.

பஞ்சை மெல்லத் திருப்பினான்.

“பண்ணியிருக்கேன். சாவி போட்டது நல்லா ஞாபகம் இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.” அவன் முகத்தில் கோபம் ஏறும் என்று மெக்கானிக் காத்திருந்தார், ஏறவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஏறவில்லை. காய்ச்சல் விட்ட மாதிரி நெற்றி வியர்த்து, அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். “நான் மறக்கலை. அக்காகிட்டச் சொல்லணும்.”

மெக்கானிக் மெல்ல மூச்சு விட்டார். எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று ஒரு கணம் அவரும் நம்பினார்.

அப்போது மைத்துனன் கையை நீட்டி அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்தான். டியூபை வெளியே எடுத்து விரலில் உருட்டினான். மரையை நகத்தால் தடவிப் பார்த்தான். அதையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கையை இறக்கவில்லை. செயலாளர் பார்த்தார், டாக்டரம்மா பார்த்தார்.

“குழாய்ல இவ்வளவு கிரீஸ் இருக்கு. டியூப்ல ஒரு பொட்டுகூட இல்லையே அத்தான்” என்றான். “மூணு ரவுண்டு சுட்ட டியூப். புல்லுல கிடந்து வந்தது. இதை யாரு இவ்வளவு சுத்தமாத் துடைச்சது?”

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தான். அப்படித் துடைக்கத் தெரிந்தவர் இந்தப் பட்டறையில் ஒருவர்தான் என்பது அவனுக்கு மெதுவாக விளங்கிக்கொண்டு வருவதை, விளக்கின் கீழே நின்றபடி மெக்கானிக் பார்த்தார்.

“நான்தான்” என்றார்.